அரைப்புள்ளி

சனிக்கிழமை. ஏரி இன்னும் உறையவில்லை,
உறையலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.
தூரத்தில் இரும்புத்தாது ஏற்றிய கடைசிக் கப்பல்களில் ஒன்று.
சமையலறை மேசையில் மடிக்கணினி, ஆறிய காப்பி,
புதுப்பிக்க வந்த பதினொரு விண்ணப்பங்கள்.
சம்பளமில்லாத வேலை இது:
மூன்றாண்டுக்கு ஒருமுறை
மக்கள் தொடர்புக்காரர்கள் இன்னும் படிக்கிறார்களா என்று
எண்ணிப் பார்ப்பது.

படிக்கிறார்கள்.
பயிலரங்குக்கு இரண்டு புள்ளி, மாநாட்டுக்கு ஐந்து,
கல்லூரியில் ஒருநாள் பேசியதற்கு ஒன்று.
ரத்ததான முகாமில் மைக் பிடித்ததற்கும் ஒருவர் கேட்கிறார்;
கொடுத்தேன், விதியில் இடமிருக்கிறது.
"நெருக்கடியில் நாவடக்கம்" என்ற இணைய வகுப்பில்
எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.
நானும் உட்கார்ந்தேன். கேமராவை அணைத்துவிட்டுத்
துணி மடித்தேன்.

ஒன்பதாவது, ஆர்டிஸ் லாஹ்டி.
வடகரையில் ஒரு சிற்றூரின் குடிநீர்த் துறை.
பெயருக்குப் பின்னால் பதினேழு வருடமாக அந்த மூன்று எழுத்து.
எல்லாம் ஒழுங்கு. கடைசி வரிசையில்தான்
தலைப்பில்லாமல் ஒன்று:

"மார்ச் ஒன்பது. பள்ளிக்கூடக் குழாயில் ஈயம்.
காலை ஏழு மணிக்கு எழுதினேன்:
பெற்றோர் கவலைப்படத் தேவையில்லை.
சோதனை முடிவு வந்தது மூன்றரைக்கு.
எட்டரை மணி நேரம் அந்த வரி வெளியே நடமாடியது.
இடைவேளையில் பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள்.
மாலை பள்ளி வாசலில் நின்று
அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
மெரிபெத் ஸ்கோக் என்ற தாய் ஒன்றுதான் கேட்டார்:
தேவையா இல்லையா என்று
எங்கள் கவலைக்கு நீங்கள் எப்படிச் சொன்னீர்கள்?
தெரியவில்லை என்றேன்.
கேட்கும் புள்ளி: அரை.
சான்று: இணைப்பு."

திறந்தேன். அவள் கையெழுத்து.
எழுதியது, அடித்தது,
மேலே எழுதியது, அதையும் அடித்தது.
பொறியாளர் தொலைபேசியில் "இன்னும் தெரியாது" என்றதை
ஓரத்தில் குறித்து வட்டம் போட்டிருக்கிறாள்.
அதாவது, தெரியாது என்று தெரிந்தே
முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாள்.

வழிகாட்டியை இரண்டு முறை புரட்டினேன்.
பேச்சுக்கு உண்டு, எழுத்துக்கு, வாசிப்புக்கு, தொண்டுக்கு உண்டு.
தவறுக்குப் பிரிவில்லை.
"பயிற்றுநர் பெயர்" என்ற கட்டத்தில்
மெரிபெத் ஸ்கோக் என்று நிரப்பியிருக்கிறாள்.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

எனக்கும் ஒரு வரி உண்டு.
காகித ஆலையில் இருந்தபோது:
"இந்த வாசனை தற்காலிகமானது."
நாற்றத்தை வாசனை என்று மாற்றியவன் நான்.
ஆற்றங்கரைக்காரர்கள் இரண்டு கோடை ஜன்னல் திறக்கவில்லை.
பூசி மெழுகியதில்
பூச்சு எது, சுவர் எது என்பது எனக்கே மறந்துபோனது.
அந்த அறிக்கைக்குப் பரிசு கிடைத்தது.
பரிசுக்கு நாலு புள்ளி.
யாரோ ஒரு சனிக்கிழமையில் கொடுத்தார்கள்.

கட்டத்தில் அரை என்று அடித்தேன்.
சிவந்தது. முழு எண் மட்டும்.
ஒன்று போட்டால் அவள் கேட்டதற்கு மேல்.
சுழி போட்டால் விதிப்படி.
கூட்டிப் பார்த்தேன்: இது இல்லாமலே
தேவைக்கு மேல் ஆறு புள்ளி வைத்திருக்கிறாள்.
பிறகு எதற்கு ஒருத்தி
தன் அடித்தல் திருத்தலை
முன்பின் தெரியாத ஒருவனுக்கு அனுப்ப வேண்டும்?

குறிப்புப் பெட்டியில் தொடங்கினேன்:
"லாஹ்டி அவர்களுக்கு, உங்கள் சான்று போதுமானது;"

அங்கேயே நிற்கிறது.
மாதக் கடைசிக்குள் என்னுடையதையும் புதுப்பிக்க வேண்டும்.
காப்பிக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்தேன்.
அவளுடைய இரண்டாம் அறிவிப்பில் சொன்னபடி
குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டேன்.
எங்கள் ஊர்த் தண்ணீரில் ஈயமில்லை.
அறிவிப்பில் போட்டிருந்தார்கள்.